திரையில் தெரிவது நிஜ நிறம்தானா? - கணினிக்கு நிறம் கற்றுக்கொடுத்தவர்களின் கதை

தீபாவளிக்கு ஆன்லைனில் ஒரு புடவை ஆர்டர் செய்கிறார்கள். மொபைலில் பார்த்தபோது பழுத்த மாம்பழ மஞ்சள். பார்சலைப் பிரித்தால் கடுகை அரைத்துப் பூசியதுபோல மங்கலான மஞ்சள். ‘ஏமாத்திட்டான்’ என்று கடைக்காரரைத் திட்டிவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். அதே படத்தை மகனின் லேப்டாப்பில் பார்த்தால் எலுமிச்சை மஞ்சளாக இருக்கிறது. கணவரின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது வேறொரு மஞ்சள். புடவை ஒன்று, புகைப்படமும் ஒன்றுதான். நிறம் மட்டும் நான்கு!

இதில் கடைக்காரர் பொய் சொல்லவில்லை, புகைப்படக்காரரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொரு திரையும் தனக்குத் தெரிந்த மஞ்சளைக் காட்டியது, அவ்வளவுதான்.

புடவை என்றால் திருப்பி அனுப்பிவிடலாம். நிறத்தை நம்பியே பிழைப்பவர்களின் நிலை வேறு. கல்யாண ஆல்பத்தைத் திரையில் திருத்தி அச்சுக்கு அனுப்புகிறார் ஒரு போட்டோகிராபர். அச்சாகி வந்த ஆல்பத்தில் மணப்பெண்ணின் முகம் சிவந்து கிடக்கிறது. மொத்த ஆல்பத்தையும் சொந்தச் செலவில் மறுபடி அச்சடிக்க வேண்டும். அந்த ஒரு ஆல்பத்தின் லாபம் மட்டுமல்ல, அந்தக் குடும்பம் சொல்லி வரவேண்டிய அடுத்த நான்கு ஆர்டர்களும் போகும்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு இருக்கிறது. பெயர், கலர் மேனேஜ்மென்ட். தமிழில் நிற மேலாண்மை. விண்டோஸ், மேக் கணினிகளில் பல ஆண்டுகளாகவே இதற்கான வசதிகள் உண்டு. ஆனால், காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லாமல், அல்லது கொள்கைக்காக லினக்ஸ் போன்ற ஓப்பன் சோர்ஸ் கணினிகளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு நீண்ட காலம் அந்தக் கதவு பாதிதான் திறந்திருந்தது. மீதியைத் திறந்தவர்கள் பெரும் கம்பெனிகள் அல்ல. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில தனிமனிதர்கள்.

17 ஜோடிக் கண்கள்

கணினிக்கு நிறம் என்றால் வெறும் எண்கள்தான். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 255 வரை மதிப்பெண். மூன்றையும் கலந்தால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள். ‘சிவப்பு 255, பச்சை 190, நீலம் 0’ என்று கணினி சொன்னால், திரை ஒரு மஞ்சளைக் காட்டும். ஆனால், 255 அளவு சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு? மிளகாய்ச் சிவப்பா, குங்குமச் சிவப்பா? அதை அந்த எண் சொல்வதில்லை. ஒவ்வொரு மானிட்டரும் தன்னிடம் இருக்கும் சிவப்பை முழு வேகத்தில் எரியவிடும். அந்தச் சிவப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் இரண்டு மானிட்டர்களை அருகருகே வைத்தாலும் லேசான வித்தியாசம் தெரியும்.

அப்படியானால் நிறத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஓர் அளவுகோல் வேண்டும். நீளத்துக்கு மீட்டர், எடைக்குக் கிலோ இருப்பதுபோல. அந்த அளவுகோல் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே பிறந்துவிட்டது.

1920-களின் இறுதியில் இங்கிலாந்தில் டபிள்யூ. டி. ரைட், ஜான் கில்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனியாக ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பக்கம் ஒரு நிற வெளிச்சம். மறுபக்கம் சிவப்பு, பச்சை, நீல விளக்குகள். சோதனைக்கு உட்பட்டவர் அந்த மூன்று விளக்குகளின் அளவைக் கூட்டிக் குறைத்து, இரண்டு பக்கமும் ஒரே நிறமாகத் தெரியும்படி செய்ய வேண்டும். ரைட் 10 பேரையும், கில்டு 7 பேரையும் வைத்துச் சோதித்தார்கள். அந்த 17 பேரின் கண்கள் சொன்ன கணக்கை அடிப்படையாக வைத்து, 1931-ல் சர்வதேச ஒளியியல் ஆணையமான சிஐஇ, மனிதக் கண்ணின் நிற அளவுகோலை வெளியிட்டது. இன்றைக்கும் உலகத்தின் டிவி, மொபைல், பெயின்ட், அச்சு எல்லாவற்றின் நிறக் கணக்கும் அந்த 17 ஜோடிக் கண்களிலிருந்து தொடங்கிய மரபில்தான் நிற்கிறது.

கிரிக்கெட் இல்லாத ஐசிசி

ஐசிசி என்றதும் கிரிக்கெட் நினைவுக்கு வரும். நிற உலகத்திலும் ஓர் ஐசிசி உண்டு. இன்டர்நேஷனல் கலர் கன்சார்டியம். 1993-ல் அடோபி, அக்ஃபா, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட், சிலிக்கான் கிராஃபிக்ஸ், சன், டாலிஜென்ட் ஆகிய எட்டு நிறுவனங்கள் சேர்ந்து இதைத் தொடங்கின. சந்தையில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டவைகூட நிறத்துக்காக ஒரே மேஜையில் உட்கார்ந்தன. காரணம், யார் கேமராவில் எடுத்த படமாக இருந்தாலும் வேறு யாருடைய மானிட்டரிலோ பிரின்டரிலோதானே போய் நிற்க வேண்டும்?

அவர்கள் கொண்டுவந்த ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு கருவிக்கும் ‘புரொஃபைல்’ என்று ஒரு சின்ன ஃபைல். ‘நான் 255 சிவப்பு என்று சொன்னால், அது மனிதக் கண்ணுக்கு இந்த இடத்தில் இருக்கும் சிவப்பு’ என்று அந்தக் கருவி தன்னைப் பற்றித் தானே கொடுக்கும் வாக்குமூலம் அது. கேமராவின் வாக்குமூலமும் மானிட்டரின் வாக்குமூலமும் கையில் இருந்தால், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து எண்களை மாற்றிக் கொடுத்துவிடலாம்.

ஓப்பன் சோர்ஸ் உலகத்தில் அந்த மொழிபெயர்ப்பாளர் வேலையைச் செய்வது ‘லிட்டில் சிஎம்எஸ்’ என்ற நிரல் தொகுப்பு. மார்ட்டி மரியா என்பவர் 1998-ல் தொடங்கியது. பெயரில்தான் ‘லிட்டில்’. புகைப்படங்களைத் திருத்தும் கிம்ப், ஓவியம் வரையும் கிரிட்டா, புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் ஸ்கிரைபஸ் என ஓப்பன் சோர்ஸில் நிறத்தோடு வேலை செய்யும் முக்கியமான மென்பொருள்கள் இதைத்தான் நம்பியிருக்கின்றன.

ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம்

கலர் மேனேஜ்மென்ட் பற்றிப் பேசும்போது இரண்டு வார்த்தைகள் அடிக்கடி வரும். கேலிபரேஷன், புரொஃபைலிங். பலரும் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள்.

வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிறது. அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, பின்னால் இருக்கும் திருகைத் திருப்பிச் சரியான நேரம் வைப்பது. இதுதான் கேலிபரேஷன். இன்னொன்று, ‘இந்தக் கடிகாரம் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்’ என்று வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொண்டு, மனதுக்குள் ஐந்தைக் கழித்துக்கொள்வது. இது புரொஃபைலிங்.

மானிட்டருக்கு இரண்டுமே தேவை. வெளிச்சம், வெண்மை ஆகியவற்றைத் திருகித் திருத்தக்கூடிய அளவுக்குத் திருத்திவிட வேண்டும். அதற்கு மேல் திருத்த முடியாத குறைகளைப் புரொஃபைலில் எழுதி வைத்துவிட வேண்டும். மென்பொருள் அதைப் படித்து, ‘இந்த மானிட்டரின் பச்சை கொஞ்சம் தூக்கல், அதனால் பச்சையைக் கொஞ்சம் குறைத்து அனுப்புவோம்’ என்று கணக்குப் போட்டுக்கொள்ளும்.

ஆனால், கடிகாரம் எவ்வளவு முந்துகிறது என்று தெரிய ரேடியோவோ டிவியோ சொல்லும் சரியான நேரம் வேண்டுமே? மானிட்டர் விஷயத்தில் அந்த வேலையைச் செய்வது கலரிமீட்டர் என்ற கருவி. கணினி மவுஸ் அளவில் இருக்கும். மேலிருந்து வயரில் தொங்கவிட்டு, திரையின் மேல் ஒட்டி நிற்க வைப்பார்கள். திரையில் வரிசையாக நிறங்கள் தோன்றி மறையும். ஒவ்வொன்றையும் இந்தக் கருவி அளந்து கணினிக்குச் சொல்லும்.

மனிதக் கண்ணாலேயே பார்த்துத் திருத்த முடியாதா? முடியாது. காரணம், கண் ரொம்பவும் அனுசரித்துப் போகும். மஞ்சள் குண்டு பல்பு எரியும் அறைக்குள் போனால் சில நிமிடங்களில் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே தெரியத் தொடங்கிவிடும். 2015 பிப்ரவரியில் ஓர் உடையின் புகைப்படம் உலகத்தையே இரண்டாகப் பிரித்தது நினைவிருக்கலாம். நீலமும் கறுப்புமா, வெள்ளையும் தங்க நிறமுமா? உண்மையில் அது நீலமும் கறுப்பும்தான். ஆனால், ஒரே திரையில் ஒரே படத்தைப் பார்த்த கணவனும் மனைவியும்கூட வேறு வேறு பதில் சொன்னார்கள். கண்ணை நம்பி மானிட்டரைத் திருத்துவது, பசி வந்தபோது மணி ஒன்று என்று கடிகாரத்தைத் திருப்பி வைப்பதுபோலத்தான்!

கருவி இருந்தது, பேசத் தெரியவில்லை

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. கலரிமீட்டர்களைத் தயாரித்த நிறுவனங்கள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே மென்பொருள் கொடுத்தன. லினக்ஸ் கணினியில் செருகினால், அந்தக் கருவி எந்த மொழியில் பேசுகிறது என்றே கணினிக்குத் தெரியாது.

இந்தச் சுவரில் முதல் ஓட்டை போட்டவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரேம் கில். ‘ஆர்கில் சிஎம்எஸ்’ என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் தொகுப்பை உருவாக்கி, சந்தையில் இருந்த கருவிகள் ஒவ்வொன்றோடும் பேசும் நிரல்களைத் தானே எழுதிச் சேர்த்தார். நிற அளவீட்டின் நுணுக்கத்தில் விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களுக்குச் சளைக்காதது என்று துறைசார்ந்தவர்கள் மதிக்கும் படைப்பு அது. ஒரே குறை, எல்லாமே கட்டளைகள். கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாக டைப் செய்ய வேண்டும். போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர் அதைப் பார்த்ததுமே பின்வாங்கிவிடுவார்.

அந்தக் குறையைப் போக்க வந்தது ‘டிஸ்ப்ளே கேல்’. ஃப்ளோரியன் ஹோக் என்பவர் உருவாக்கியது. ஆர்கிலின் கட்டளைகளுக்கு மேல் பொத்தான்களும் விளக்கங்களும் வைத்து, யாரும் பயன்படுத்தும்படி ஆக்கிக் கொடுத்தார். லினக்ஸில் மட்டுமல்ல, விண்டோஸிலும் மேக்கிலும்கூட, கருவியோடு வந்த மென்பொருளை ஒதுக்கிவிட்டு இதை நாடியவர்கள் ஏராளம்.

அணைத்துக்கொள்ளும் கருவி

பிரிட்டனில் இருந்த ரிச்சர்ட் ஹியூஸ், ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்தில் வேலை செய்கிற மென்பொருள் வல்லுநர். லினக்ஸின் புகழ்பெற்ற முகப்புகளில் ஒன்றான க்னோமில் நிற மேலாண்மையைக் கொண்டுவந்தவர் இவர்தான். எந்தத் திரைக்கு எந்தப் புரொஃபைல் என்பதைப் பின்னணியில் நினைவில் வைத்திருக்கும் ‘கலர்டி’ என்ற நிரலும் இவருடையதே. இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில், பயன்படுத்துகிறவருக்கே தெரியாமல் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

மென்பொருள் தயார். ஆனால், அதைப் பயன்படுத்தக் கருவி வேண்டுமே? இருந்தவை விலை அதிகம். உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்கவும் வழியில்லை. ஹியூஸ் ஒரு முடிவெடுத்தார். ‘கருவியையும் நாமே செய்துவிட்டால் என்ன?’

2011 நவம்பரில் ‘கலர் ஹக்’ அறிமுகமானது. திரையை அணைத்துக்கொண்டு நிற்பதால் அந்தப் பெயர். ஒரு சின்னப் பெட்டி, ஒரு ஒளி உணரி, ஒரு யுஎஸ்பி வயர். மற்றக் கருவிகளைவிட வேகமாகவும் மலிவாகவும் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். பெரிய விசேஷம் என்னவென்றால், அதன் சர்க்யூட் வரைபடம் முதல் உள்ளே ஓடும் நிரல் வரை எல்லாமே பொதுவில் வைக்கப்பட்டன. விருப்பமுள்ளவர் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், மாற்றலாம், தாமே ஒன்றைச் செய்துகொள்ளலாம்.

அதற்குக் குறைகளும் இருந்தன. மலிவான உணரி என்பதால், மனிதக் கண் பார்ப்பதுபோலவே அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகைத் திரைக்கும் தனித் திருத்தக் கணக்கு தேவைப்பட்டது. விலை உயர்ந்த கருவியின் துல்லியத்தை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது. ஆனால், ‘லினக்ஸில் நிறம் சரியாக வராது’ என்ற பேச்சுக்கு ஒரு பதிலாகக் கையில் ஒரு பொருள் கிடைத்தது.

அந்தக் கருவி இன்னொரு வேலையையும் செய்தது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. விற்ற கருவிகளின் உள் நிரலைப் பிறகு மேம்படுத்தினால், வாங்கியவர்களுக்கு அதை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற கேள்வி ஹியூஸுக்கு வந்தது. அதற்காக அவர் யோசித்த வழி, ‘எஃப்டபிள்யூஅப்டி’ என்ற திட்டமாகவும், அதோடு இணைந்த பொதுச் சேவையாகவும் வளர்ந்தது. இன்று டெல், லெனோவா, எச்பி போன்ற நிறுவனங்கள் லினக்ஸ் கணினிகளுக்கான உள் நிரல் மேம்பாடுகளை அந்தச் சேவை வழியாக அனுப்புகின்றன. மஞ்சளைச் சரியாகக் காட்டுவதற்காகப் பிறந்த யோசனை, இப்போது உலகம் முழுக்க எத்தனையோ லினக்ஸ் கணினிகளின் பாதுகாப்புக்குத் துணை நிற்கிறது.

இலவசம்தான், ஆனால் உழைப்பு?

2020 ஜனவரி 1. பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய இரண்டாம் பதிப்புக்கு அன்றோடு ஆதரவு நிறுத்தப்பட்டது. லினக்ஸ் தொகுப்புகள் ஒவ்வொன்றாக அதை விலக்கத் தொடங்கின. டிஸ்ப்ளே கேல் எழுதப்பட்டிருந்தது அந்தப் பழைய பதிப்பில்தான். அதன் கடைசிப் பதிப்பு 2019-ல் வந்ததோடு சரி. புதிய பைத்தானுக்கு மாற்றுவது ஒரே ஆள் செய்து முடிக்கக்கூடிய சின்ன வேலையும் அல்ல.

விளைவு? கணினியைப் புதுப்பித்தவர்கள், நேற்றுவரை இருந்த மென்பொருள் இன்று இல்லை என்று விழித்தார்கள். கருவி மேஜை டிராயரில் கிடந்தது. அதை இயக்கும் பொத்தான்தான் காணாமல்போயிருந்தது. சிலர் அதற்காகவே ஒரு பழைய கணினியைப் புதுப்பிக்காமல் வைத்திருந்தார்கள். சிலர் ஆர்கிலின் கறுப்புத் திரைக்கே திரும்பினார்கள்.

பிறகு வேறு சில தன்னார்வலர்கள் அந்த நிரலை எடுத்து, வரிவரியாகப் புதிய பைத்தானுக்கு மாற்றினார்கள். மூல நிரல் பொதுவில் இருந்ததால்தான் அது சாத்தியமானது. ஒரு கம்பெனி கைவிட்ட மென்பொருள் என்றால் அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால், இலவசமாகக் கிடைக்கும் பொருளின் பின்னால் யாரோ ஒருவரின் இரவுகள் இருக்கின்றன என்பதை அந்த இடைவெளி பலருக்கும் நினைவூட்டியது.

ஐந்து ஆண்டுப் பேச்சுவார்த்தை

அடுத்த சோதனை இன்னும் பெரியது. லினக்ஸில் திரையைக் கையாளும் பழைய ஏற்பாடான எக்ஸ் 11-க்குப் பதிலாக ‘வேலேண்ட்’ என்ற புதிய ஏற்பாடு வந்துகொண்டிருந்தது. பழைய ஏற்பாட்டில் எந்த நிரலும் திரையின் எந்த மூலையிலும் கை வைக்கலாம். வீட்டுச் சாவி எல்லோரிடமும் இருப்பதுபோல. கேலிபரேஷன் நிரலுக்கு அது வசதி. பாதுகாப்புக்கு அது ஆபத்து. வேலேண்ட் சாவியை வாங்கி ஒருவரிடம் மட்டும் கொடுத்தது. திரையில் எது எப்படித் தெரிய வேண்டும் என்று அந்த ஒருவரே முடிவு செய்வார்.

பாதுகாப்பு கூடியது. ஆனால், கலரிமீட்டர் வைத்திருந்தவர்கள் கேட்டார்கள்: ‘திரையின் உண்மையான முகத்தை அளக்க வேண்டும் என்றால், இடையில் யாரும் மேக்கப் போடாமல் நிறத்தை அப்படியே காட்ட வேண்டுமே, அதற்கு வழி எங்கே?’ நியாயமான கேள்வி. வேலேண்ட் தரப்பு சொன்னதும் நியாயம்தான்: ‘ஒரே கணினியில் ஒரு சாதாரணத் திரையும் அதிகப் பிரகாசம் கொண்ட ஹெச்டிஆர் திரையும் இருந்தால், ஒவ்வொரு நிரலும் தன்னிஷ்டத்துக்கு நிறத்தை மாற்ற விட முடியாது. பொறுப்பு ஓரிடத்தில் இருக்க வேண்டும்.’

விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2023 ஏப்ரலில் செக் குடியரசின் பர்னோ நகரில் பல நிறுவனங்களின் வல்லுநர்களும் தன்னார்வலர்களும் நேரில் கூடிப் பேசினார்கள். 2024 பிப்ரவரியில் வெளியான கேடிஇ பிளாஸ்மா 6 முகப்பு, வேலேண்டிலேயே ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி ஐசிசி புரொஃபைல் வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. எல்லோருக்கும் பொதுவான நிற மேலாண்மை விதிமுறை, ஏறத்தாழ ஐந்து ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு, 2025 பிப்ரவரியில் ஏற்கப்பட்டது. அடுத்த மாதமே வந்த க்னோம் 48, ஹெச்டிஆர் திரைகளுக்கு ஆதரவு கொடுத்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. புதிய விதிமுறையை ஒவ்வொரு மென்பொருளும் கற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை, துல்லியமான அச்சு வேலை செய்பவர்களில் பலர் கேலிபரேஷனுக்கு மட்டும் பழைய எக்ஸ் 11-க்குள் போய்வருகிறார்கள்.

யாருக்கு இதனால் லாபம்?

பிரான்சைச் சேர்ந்த ஓவியர் டேவிட் ரெவோய் ஒரு நல்ல உதாரணம். பெப்பர் என்ற குட்டி சூனியக்காரியும் கேரட் என்ற அவளது பூனையும் வரும் ‘பெப்பர் அண்ட் கேரட்’ சித்திரக்கதையை 2014 முதல் இணையத்தில் வெளியிட்டு வருகிறார். வரைவது கிரிட்டாவில்; முழுக்க முழுக்க ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களில். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம் என்று அனுமதியும் கொடுத்திருக்கிறார். பிரான்சின் பெரிய பதிப்பகமான க்ளேனா 2016-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டது. ஓப்பன் சோர்ஸ் கணினியில் வரைந்த நிறம், கடையில் விற்கும் அச்சுப் புத்தகம்வரை போக முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இங்கேயும் இதற்குத் தேவை இருக்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ், டெபியன் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. மேலே சொன்ன மென்பொருள்களில் பலவும் டெபியனுக்குக் கிடைப்பவை. மாதச் சந்தா கட்டி போட்டோ மென்பொருள் வாங்க முடியாத மாணவர், சிறிய ஸ்டுடியோ நடத்துபவர், வீட்டிலிருந்தே அழைப்பிதழ் வடிவமைக்கும் பெண் என எவருக்கும், பழைய கணினியும் பொறுமையும் இருந்தால் போதும். செலவு, அளக்கும் கருவிக்கு மட்டும்தான். ஒரு கருவியால் எத்தனை திரைகளை வேண்டுமானாலும் அளக்கலாம் என்பதால் நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்!

கருவி இல்லாதவர்களுக்கு:

* மானிட்டரை அரை மணி நேரமாவது ஓடவிட்ட பிறகே நிறத்தைக் கவனியுங்கள். ஆன் செய்த உடனே நிறம் நிலையாக இருக்காது.
* இரவில் திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ வசதியை அணைத்துவிடுங்கள். நிறம் தவறிப்போவதற்கு அடிக்கடி இதுதான் காரணம்.
* மானிட்டரின் மெனுவில் ‘விவிட்’, ‘டைனமிக்’ போன்றவை ஷோரூமில் கண்ணைப் பறிப்பதற்காக வைத்தவை. ‘எஸ்ஆர்ஜிபி’ என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் வெண்மையை 6500 கெல்வினில் வையுங்கள்.
* வெளிச்சத்தைக் குறையுங்கள். வெள்ளைத் திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால், திரை மட்டும் டியூப்லைட்போல ஒளிரக் கூடாது. பிரின்ட் போட்ட படம் இருண்டு வருகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், திரை அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருப்பதுதான்.
* ஜன்னல் வெயில் நேராகத் திரையில் விழாதபடி உட்காருங்கள்.

கருவி இருப்பவர்களுக்கு:

* க்னோமில் செட்டிங்ஸ் போய் ‘கலர்’ பகுதியில் உங்கள் மானிட்டரைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு புரொஃபைல் இருக்கலாம். அது மானிட்டர் தன்னைப் பற்றித் தானே சொன்ன தகவலிலிருந்து கணினி செய்துகொண்டது; அளந்து எடுத்ததல்ல.
* கலரிமீட்டரைச் செருகியதும் ‘கேலிபரேட்’ பொத்தான் உயிர் பெறும். திரை சொல்லும் இடத்தில் கருவியைத் தொங்கவிடுங்கள்.
* கூடுதல் நுணுக்கம் வேண்டுபவர்கள் டிஸ்ப்ளே கேலின் புதிய வடிவத்தைப் பயன்படுத்தலாம். வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு சுமார் 120 கேண்டெலா என்பது வீட்டு உபயோகத்துக்கு நல்ல தொடக்கம். எந்த வகைத் திரை என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும்.
* முடிவில் ‘டெல்டா இ’ என்று ஓர் எண் வரும். உண்மை நிறத்துக்கும் காட்டும் நிறத்துக்கும் உள்ள தூரம் அது. 1-ஐ ஒட்டி இருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதே கஷ்டம். சராசரி 2-க்குள் இருந்தால் திருப்தி அடையலாம்.
* மானிட்டருக்கு வயதாக ஆக நிறம் மாறும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி அளப்பது நல்லது. நண்பரின் மானிட்டருக்கு எடுத்த புரொஃபைலை, அதே மாடல் என்பதற்காக உங்களுடையதில் போடாதீர்கள். அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போடுவதுபோல ஆகிவிடும்.

பாட்டி சொன்ன கேலிபரேஷன்

இவ்வளவும் செய்தால் ஆன்லைன் புடவை அச்சு அசலாக வந்துவிடுமா? உறுதி சொல்ல முடியாது. பார்ப்பவரின் திரை சரியாக இருந்தாலும், படம் எடுத்தவரின் கேமராவும் திரையும் சரியாக இருக்க வேண்டும். சில நிறங்கள் சாதாரணத் திரைக்கு எட்டவே எட்டாது. மயில்கழுத்துப் பட்டு என்றால் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். புடவை அசைய அசைய நிறம் மாறும். அசையாத படத்துக்குள் அதை அடைக்கத் திரையால் முடியாது. துணியின் நிறமே டியூப்லைட்டில் ஒன்று, வெயிலில் ஒன்று என்று மாறும்.

அதனால்தான் ஜவுளிக்கடையில் பாட்டிமார்கள் புடவையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். ‘உள்ள லைட்டுல ஒண்ணும் தெரியாதும்மா, வெளிச்சத்துல பாரு’ என்பார்கள். மானிட்டருக்கு வைக்கச் சொல்லும் அந்த 6500 கெல்வின் என்ற எண்ணும் ஏறத்தாழ அதுதான்: பகல் வெளிச்சத்தின் வெண்மை. விஞ்ஞானிகள் சோதனை செய்து கண்டுபிடித்து, தன்னார்வலர்கள் நிரலாக எழுதி, சின்னப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கும் பகல் வெளிச்சம்.

அடுத்த முறை மாம்பழ மஞ்சள் கடுகு மஞ்சளாக வந்தால், கடைக்காரரைத் திட்டும் முன் ஒரு நிமிடம் மானிட்டரையும் விசாரித்துவிடலாம்!